இடது பக்கம் இழுத்த வண்டி

நஜிமுதீன் பாயின் வெள்ளைக் கார் சுகுமாரின் ஷெட்டுக்கு மறுபடி வந்தது வைகாசி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை. ஓட்டி வந்தவன் பாயின் மகன் சிராஜ். பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு தேய்கிற மாதிரி கத்துகிறது, அத்தா இன்றைக்கே பார்த்து வைக்கச் சொன்னார் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமாக வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிக் கடைக்குப் போய்விட்டான்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் சுகுமாரின் ஷெட் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அங்கேதான். டிராக்டர், லோடு ஆட்டோ, பழைய கார் என்று எது வந்தாலும் பார்ப்பான். வயது நாற்பத்தாறு. சுகுமார் கை வைத்தால் வண்டி திரும்பி வராது என்று சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காக, சாப்பாட்டைக் கூடத் தள்ளிப்போட்டு வேலை செய்கிறவன்.

பாயின் கார் பதினாறு வருஷத்துப் பழசு. அதில் எந்த போல்ட் எத்தனை சுற்றில் இறுகும் என்பது அவன் கைக்கே தெரியும். ஆனாலும் போன ஐப்பசிக்குப் பிறகு அது இந்தப் பக்கம் வரவில்லை. வரவில்லையே என்று அவனும் விசாரிக்கவில்லை.

ஐப்பசியில் நடந்தது இதுதான். அந்தக் காரை எட்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த ஜான், மானாம்பதிக்கு அரை மைல் முன்னால், குறுக்கே பாய்ந்த ஒரு கன்றுக்குட்டிக்காகப் பிரேக் அடித்தான். கன்று தப்பித்துவிட்டது. கார் தார் ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, களையெடுத்துவிட்டு ஓரமாக நடந்து வந்த பாஞ்சாலியை அடித்துச் சாய்த்தது. அவளுக்கு இடுப்பும் தொடை எலும்பும் முறிந்தன. ஜான் ஓடிப்போகவில்லை. அவளை அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான், கட்டுப் போட்டு வார்டில் விடும்வரை கூட இருந்தான், சாயங்காலம் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து நின்றான்.

அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. காலையில் நடந்ததற்குச் சாயங்காலம் வந்து நிற்கிறான் என்றால், போதை இறங்கட்டும் என்று காத்திருந்தான் என்றார்கள். ஜான் ஒரு காலத்தில் குடித்தவன்தான். அவன் மனைவி பிரிஸ்கில்லா நாலு வருஷத்துக்கு முன்னால் அவனைச் சர்ச்சில் முட்டி போட வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் குடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, விட்டது யாருக்கும் ஞாபகம் இல்லை. அதிலும் காவாந்தண்டலம் காலனிக்காரன் குடித்துவிட்டு ஓட்டினான் என்றால், மேற்கொண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜான் மட்டும் ஒரே பேச்சாக நின்றான். பிரேக் அடித்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது, ஸ்டீரிங்கை வலது பக்கம் பிடித்தும் நிற்கவில்லை என்றான்.

இதில்தான் சுகுமார் வந்தான். வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர், கடைசியாக இதில் வேலை செய்தது யார் என்று கேட்டு அவனை வரவழைத்தார். பத்தடி ஓட்டி மிதித்துப் பார்த்தபோது கார் நேராகத்தான் நின்றது. அந்த வேகத்தில் எந்த வண்டியும் நேராகத்தான் நிற்கும். சுகுமாருக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும் அவர் கேட்டபோது, ரெண்டு மாசத்துக்கு முன்னால் தானே முன் சக்கரம் இரண்டிலும் புது பிரேக் பேட் போட்டதாகவும் பிரேக்கில் ஒரு குறையும் கிடையாது என்றும் அடித்துச் சொன்னான். அது காகிதத்தில் ஏறியது.

ஜான் ஜாமீனில் வந்த மறுநாள் ஷெட்டுக்கு வந்தான். ஒரு தடவை முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்டான். சுகுமார் முடியாது என்றான். நாலு நாள் கழித்து பிரிஸ்கில்லாவையும் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி கேட்டான். அப்போது ஷெட்டில் டிராக்டர்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சுகுமார் சொன்னான், "கால்ல நிதானம் இருந்தா வண்டி தானா நேரா நிக்கும்." நாலு பேரும் சிரித்தார்கள். பிரிஸ்கில்லா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. ஜான் அதைக் கவனித்தான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

வக்கீல் சொன்னபடி கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பாய் அவனை வேலையை விட்டு நிறுத்தினார். செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான் என்று யாரோ சொல்லி சுகுமார் கேள்விப்பட்டிருந்தான்.

அந்தத் திங்கட்கிழமை, எந்த வண்டிக்கும் செய்வதைப் போல முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்று சுகுமார் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனான். ஆள் நடமாட்டமில்லாத நீட்டுச் சாலை. அறுபது வரைக்கும் ஏற்றி, ஸ்டீரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தான். கிறீச்சென்று சத்தம் வந்தது. சத்தத்தோடு கார் யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல இடது பக்கம் போய், சாலையோரத்து எருக்கஞ்செடிகளை மடக்கிக்கொண்டு நின்றது.

அவன் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு காரைப் பின்னால் எடுத்து, மறுபடி ஓட்டி, மறுபடி மிதித்தான். மறுபடியும் இடது பக்கம். மூன்றாவது தடவை ஸ்டீரிங்கை வலது பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தான். கை வலித்ததுதான் மிச்சம், கார் இடது பக்கமே போனது. இறங்கி, பாட்டில் தண்ணீரை இரண்டு முன் சக்கரத்திலும் தெளித்தான். இடது டிஸ்க்கில் தண்ணீர் சுர்ரென்று பொரிந்து போனது. வலதில் நனைந்து வழிந்தது. ஒரு சக்கரம் பிடிக்கிறது, இன்னொன்று சரியாகப் பிடிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருஷத் தொழில் வேண்டியதில்லை.

ஷெட்டுக்கு வந்து ஜாக் போட்டு முதலில் இடது சக்கரத்தைக் கழற்றினான். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்து, இன்னும் ஒரு வருஷம் ஓடும் போல இருந்தன. பிறகு வலது சக்கரம். வெளிப் பக்கத்து பேட் ஏறக்குறையப் புதிது மாதிரி தடிமனாக இருந்தது. உள் பக்கத்து பேடில் டிஸ்க்கைப் பிடிக்கிற மருந்து என்று ஒன்றுமே இல்லை. தேய்ந்து தகடாகி, அந்தத் தகடு டிஸ்க்கை உழுது கோடு போட்டிருந்தது.

பிரேக் மிதிக்கும்போது உள் பக்கத்து பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அதே நேரம் இரண்டு பேடையும் கவ்வியிருக்கிற காலிப்பர் முழுவதும் இரண்டு இரும்புப் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப் பேடையும் டிஸ்க்கில் அழுத்த வேண்டும். பின் நகரவில்லை என்றால் உள் பேட் மட்டும் தனியாகத் தேயும், அந்தச் சக்கரத்துக்குப் பாதிப் பிடிதான் கிடைக்கும். சுகுமார் காலிப்பரைக் கையால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. மேல் பின் ஒழுங்காக வந்தது. கீழ்ப் பின்னைப் பிளையரால் பிடித்து, சுத்தியால் தட்டித் தட்டித்தான் உருவ முடிந்தது.

துருவாக இருக்கும் என்றுதான் நினைத்தான். துருவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான் என்றும் சொல்லலாம். பதினாறு வருஷத்து வண்டி, மழை, சேறு, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போயிருக்கும். ஆனால் உறையில் ஒரு கீறல் இல்லை. பின்னில் துரு இல்லை. பின்னின் முனையில் இருக்கிற ரப்பர் வளையம் மட்டும் ஊறிய சுண்டல் மாதிரி உப்பி, துளையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் பழுப்பாக கிரீஸ். விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தான். சக்கர பேரிங்குக்குப் போடுகிற சாதா கிரீஸ்.

பிரேக் பின்னுக்கென்று தனியாகச் சின்னப் பாக்கெட்டில் ஒரு கிரீஸ் வரும். அதைத்தான் போட வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் நாளாக நாளாக உப்பிவிடும். சுகுமாருக்கு அது தெரியும். போன ஆவணியில், பாய் குடும்பத்தோடு வேலூரில் ஒரு நிக்காஹுக்குக் கிளம்பி, தெருவில் ஆட்கள் நிற்க, வண்டி எப்போது வரும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்த அன்றைக்கு, இடது பக்கத்தை முடித்து வலது பக்கத்தில் மேல் பின்னைப் போட்டதும் பாக்கெட் காலியானது. கீழ்ப் பின்னுக்கு, கையெட்டும் தூரத்தில் இருந்த பேரிங் கிரீஸ் டப்பாவில் விரலை விட்டான். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது கூட நினைவிருந்தது.

இப்போது செய்ய வேண்டிய வேலை சுலபம். புதுப் பின், புது ரப்பர், புது பேட். பழசைக் காயலான் சாக்கில் போட்டால் வியாழக்கிழமை பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. சுகுமார் வேலையை முடித்தான், ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தான், கார் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. பழைய பேட் இரண்டையும் பின்னையும் சாக்குப் பக்கம் கொண்டுபோனவன், போடாமல் ஒரு தினத்தாளில் சுற்றிக் காரிலேயே வைத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனான்.

நஜிமுதீனுக்குக் கடைத்தெருவில் இரும்புக்கடை. அறுபதைத் தாண்டியவர். கடையின் உள்ளறையில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, ஐப்பசியிலேயே இப்படித்தான் இருந்திருக்கும், ஜான் சொன்னது நிஜம் என்று சுகுமார் சொன்னான். பாய் பேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது எதனால ஆவுது?" என்றார் கடைசியில்.

"பழைய வண்டி பாய்," என்றான் சுகுமார்.

அந்தப் பொய் அவன் நினைத்ததை விடச் சுலபமாக வந்தது. பாயின் முகம் சுருங்கியது. அப்படியென்றால் பழைய வண்டியை ரோட்டில் விட்டதற்குத் தன் பேரில்தான் வந்து நிற்கும் என்றார். கேஸ் முடிந்துவிட்டது, அவனும் ஒத்துக்கொண்டாகிவிட்டது, இனிமேல் இதைக் கிளறி என்ன ஆகப் போகிறது என்று கேட்டார். பிறகு அவராகவே, "அத்தன பேரு எதிர்ல அவன குடிகாரப் பயன்னு சொன்னேன்பா. எட்டு வருசம் என் வூட்டு சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு," என்றார். ஜானிடம் மட்டும் போய்ச் சொல், ஊருக்குள் கொண்டுபோகாதே, என்னைக் கூட வரச் சொல்லாதே, எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே போயிருக்கலாம். செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வந்தது. வேலை இல்லாதபோது அவனே உண்டாக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் பொட்டலத்தை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு காவாந்தண்டலத்துக்குப் போனான். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். பின் பிடித்துக்கொண்டது என்பது வரைக்கும் சொல்வது, அதற்கு மேல் கேட்டால் பாயிடம் சொன்னதையே சொல்வது என்று முடிவு செய்துகொண்டான்.

காலனிக்குள் அவன் அதுவரை போனதில்லை. சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. ஜான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் வெடித்திருந்த தோலைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது ஆள் ஐம்பது மாதிரி இருந்தான். சுகுமாரைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் வா என்று சொல்லவில்லை.

சுகுமார் பொட்டலத்தை ஸ்டூலின் மேல் வைத்துப் பிரித்தான். ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்ததில் ஆரம்பித்துச் சொன்னான். ஜான் குறுக்கே பேசாமல் கேட்டான். இரண்டு பேடையும் இரண்டு கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"இது எந்தப் பக்கத்துது?"

"ரெண்டும் வலது பக்கம். தேஞ்சது உள் பக்கத்துது."

ஜான் வீட்டுக்குள் பார்த்து பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டான். அவள் மாவுக் கையோடு வந்தாள். அந்த இரண்டு இரும்புத் துண்டையும் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜான் தன் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்து, நடுவில் அவள் கையை விட்டு, ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் என்ன ஆகும், இரண்டு பக்கமும் அழுத்தினால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவசரமே படவில்லை. இந்த எட்டு மாதமும் அவன் சூளையிலிருந்து வந்ததும் அவள் ஏதோ எடுக்கிற சாக்கில் கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்து பார்ப்பாள் என்பதும், அவனும் தெரிந்தும் தெரியாதவன் போல நிற்பான் என்பதும் சுகுமாருக்கு அதுவரை தெரியாது. அவளே சொன்னாள். சொல்லிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"குடிச்சியா குடிச்சியான்னு நானே கேட்டேண்ணா. சர்ச்சுக்கு இட்டுக்கினு போயி பைபிள் மேல கைய வெச்சி கேட்டேன். இல்லன்னுதான் சொன்னாரு. நான்தான் நம்பல."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சுகுமார் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. ஊரில் ஒருத்தர் கூட இந்த வாசலை மிதித்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்கள்தான் வண்டியைப் பிரித்துப் பார்த்து, தேடிக்கொண்டு வந்து சொன்னீர்கள், கர்த்தர் உங்கள் பிள்ளைகளை நன்றாக வைக்கட்டும் என்றாள். கோரைப்பாய் விரித்து, கறிக்குழம்பும் சோறும் போட்டாள். ஜானுக்கு என்று எடுத்து வைத்திருந்த ஈரல் துண்டுகளையும் அவன் தட்டில் வைத்தாள். ஜான் எதிரில் உட்கார்ந்து, "சாப்புடுண்ணா," என்றான். எட்டு மாதத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள் பிரிஸ்கில்லா. சுகுமார் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளினான்.

பைக் வரைக்கும் ஜான் கூட வந்தான். வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. டிரைவராக இருந்தவன் கேட்கிற சாதாரணக் கேள்வியாகத்தான் கேட்டான்.

"பின்னு எதனாலண்ணா புடிச்சிக்கிச்சு? புது பேட் போட்டு ரெண்டு மாசம்தான ஆச்சு அப்போ?"

பழைய வண்டி என்று சொல்ல சுகுமார் வாயைத் திறந்தான். சாப்பிட்ட குழம்பின் காரம் இன்னும் நாக்கில் இருந்தது.

"நான் கிரீஸ மாத்திப் போட்டுட்டேன் ஜானு. பின்னு கிரீஸ் தீந்துபோச்சு. பேரிங் கிரீஸ போட்டேன். ரப்பரு உப்பிக்கிச்சு."

ஜான் பைக் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சரி," என்றான். "அவசரத்துல போட்டிருப்ப. யாருக்கும் ஆவறதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் உன்கிட்ட ரெண்டு வாட்டி வந்தேன். கழட்டிப் பாருன்னு கேட்டேன். அப்ப உனக்கு இது தெரியுமா?"

ஜானின் பேச்சிலிருந்து ‘அண்ணா’ போய்விட்டதை சுகுமார் கவனித்தான்.

"தெரியாது."

"சந்தேகம்?"

சுகுமார் சாலையைப் பார்த்தான். "இருந்திச்சு," என்றான். "நீ இடது பக்கம் இழுத்துச்சுன்னு சொன்னதுமே, கிரீஸ் தீந்த அன்னிக்கு ஞாபகம் வந்திச்சு. கழட்டுனா என் வேலதான் தெரியும்னு கழட்டல."

ஜான் தலையை ஆட்டினான். அடிப்பானோ என்று சுகுமார் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான். ஜான் அடிக்கவில்லை.

"இத்த பிரிஸ்கில்லாகிட்ட சொல்லாத. அவ உனக்கு சோறு போட்டத நெனச்சி நெனச்சி நொந்துக்குவா," என்றான். "மானாம்பதில வந்து சொல்லு. அந்தப் பொம்பளகிட்ட சொல்லு, டீக்கடைல சொல்லு. கிரீஸ் கதையோட சேத்து சொல்லு. நாளைக்கி சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பாஞ்சாலி வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் பிடித்து நடக்கிற கம்பிச் சட்டம். ஜானைப் பார்த்ததும் அவள் புருஷன் சின்னப்பையன் எழுந்து அடிக்க வந்தான். சுகுமார் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பாக்கெட் தீர்ந்தது, பேரிங் கிரீஸ் போட்டது, இன்ஸ்பெக்டரிடம் பொய்யாக அடித்துச் சொன்னது, கழற்றிப் பார்க்க மறுத்தது. சின்னப்பையன் பேடை வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் வைத்தான்.

பாஞ்சாலி ஜானைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா உன்னத்தான் மண்ண வாரித் தூத்திக்கினு கீறேன்," என்றாள். "உன் பொண்டாட்டி புள்ளைங்களையும் சேத்து."

அவள் சுகுமார் பக்கம் திரும்பினாள்.

"நீ வந்து சொன்னதால நான் இப்ப எந்திரிச்சி நடக்கப் போறனா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு வந்த? உன் மனசு ஆறணும்னு வந்தியா? போ. இனிமே உன்ன வேற புதுசா திட்டணும். எனக்குத் தெம்பு இல்ல."

டீக்கடையில் அந்த நேரத்துக்குப் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். சுகுமார் நின்றுகொண்டே, குரலைத் தாழ்த்தாமல், முதலிலிருந்து சொன்னான். காறித் துப்புவார்கள், வண்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள், அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தான்.

பிறகு பழைய பஞ்சாயத்து மெம்பர் ராஜாராம் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். தன் தப்பைத் தானே நாலு பேர் எதிரில் ஒத்துக்கொள்ள எவனுக்கு மனசு வரும், இதுதான் ஆம்பளை என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யாரோ பெஞ்சில் இடம் விட்டார்கள். யாரோ அவனுக்கு டீ சொன்னார்கள். பழைய வண்டி வைத்திருந்த ஒருத்தர், தன் வண்டி பிரேக்கும் ஒரு மாதிரி இருக்கிறது, ஒரு நாள் கொண்டு வருகிறேன், பார்த்துக் கொடு என்றார்.

ஜான் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் டீ சொல்லவில்லை. சுகுமார் ஜானைக் காட்டி, இவன் சொன்னது அத்தனையும் நிஜம், இவன் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று மறுபடி சொன்னான். பெஞ்சில் இருந்த ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "இன்னா இருந்தாலும் கொஞ்சம் போட்டுதான் இருப்பான். இல்லன்னா அந்நேரத்துக்கு ஸ்டீரிங்க ஒடிச்சி திருப்பி இருக்கலாம்ல?" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சுகுமார் பதில் சொல்ல எழுந்து பந்தலுக்கு வெளியே பார்த்தபோது ஜான் அங்கே இல்லை. உத்திரமேரூர் சாலையில் தூரத்தில் நடந்துகொண்டிருந்தான்.

மறுவாரம் சுகுமார் வக்கீலிடமும் போனான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான். ஜான் தானாகவே ஒத்துக்கொண்ட வழக்கு, அதை மறுபடி திறக்க மேல்கோர்ட்டுக்குப் போக வேண்டும், அலைச்சல், ஜான் தயாரா என்று வக்கீல் கேட்டார். ஜானிடம் கேட்டதற்கு, வேண்டாம், இன்னொரு தடவை அந்தப் படியில் ஏறி நிற்க முடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். நஜிமுதீன் பாய் கடைசியில் தாமே காவாந்தண்டலம் போய், வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மாட்டேன் என்றான். லைசென்ஸ் திரும்ப வந்த பிறகும் ஒரு டிராக்டர் கூட ஓட்டவில்லை. பிரேக்கை மிதிக்க நினைத்தாலே கால் கூசுகிறது என்று பிரிஸ்கில்லாவிடம் சொன்னானாம்.

கிரீஸ் கதை எப்படியும் அவள் காதுக்குப் போய்விட்டது. ஒரு நாள் சந்தையில் சுகுமாரைப் பார்த்தவள், பொறுக்கிய கத்திரிக்காயைக் கடைக்காரி கூடையிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆடி பிறப்பதற்குள் அவர்கள் ஒரகடம் பக்கம் குடிபோனார்கள். அங்கே ஒரு கம்பெனிக் குடோனில் ஜானுக்குப் பெட்டி அடுக்குகிற வேலை.

சுகுமாரின் ஷெட்டில் கூட்டம் கூடியிருக்கிறது. அச்சிறுபாக்கத்திலிருந்து கூட வண்டி வருகிறது. உண்மையைச் சொல்கிற மெக்கானிக் என்று ஆள் விட்டு ஆள் சொல்லி அனுப்புகிறார்கள். வருகிறவர்களில் பலர் அவன் எதிரிலேயே அந்தக் கதையை எடுத்து, தம்மோடு வந்தவர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது அந்த டிரைவருக்குப் பேர் கிடையாது, சில பேர் அவன் குடித்திருந்தான் என்றே சொல்கிறார்கள். முதலில் சுகுமார் ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவன் பேர் ஜான், அவன் குடிக்கவில்லை என்று திருத்திக்கொண்டிருந்தான். அவர்களும் சரி சரி என்பார்கள். இப்போதெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்தபடி, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறான்.